இர்மா எக்லண்டின் வாக்கு

இர்மா எக்லண்டின் கையெழுத்து இர்மா எக்லண்டுடையது அல்ல என்று ஹாலோவே மாவட்டத் தேர்தல் அலுவலகம் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்த செய்தி அக்டோபர் மாதத்தின் நடுவில், ஒரு காற்றடிக்கும் காலையில் தபாலில் வந்தது. கடிதத்தின் தலையில் கழுகு. கழுகின் காலடியில் ‘ஒவ்வொரு வாக்கும் முக்கியம்’ என்று சாய்ந்த எழுத்து. அதற்குக் கீழே, தங்கள் வாக்கு தற்போதைக்கு எண்ணப்பட மாட்டாது.

ஹார்லன் எக்லண்ட் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று மூன்று தடவை படித்தார். முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்த்தவர். எஞ்சின் உறுமுவதைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். காகிதம் என்றால் அது மனைவியின் இலாகா.

இர்மா முன்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் படுத்திருந்தாள். ஆகஸ்டு மாதம் சமையலறையில் பக்கவாதம் வந்து விழுந்தவள். பெல் க்ரீக் ஊருக்கென்று இருந்த ஆம்புலன்ஸை மாவட்டம் அதற்கு முந்தைய வருஷம்தான் நிறுத்தியிருந்தது. நாற்பது மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து வண்டி வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆனது. அந்த ஐம்பது நிமிஷத்தில் வலது கை போனது, வலது கால் போனது, வாயில் பாதி போனது.

“யாரு எழுதியிருக்கா?” என்றாள், மிச்சமிருந்த பாதி வாயால்.

“தேர்தல் ஆபீஸ். உன் கையெழுத்து உன்னோடது இல்லியாம்.”

இர்மா சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் சிரிப்பு முகத்தின் இடது பக்கம் மட்டும்தான் வரும்.

“நான் நானில்லேங்கறாங்களா? சரிதான். கள்ள ஓட்டு விழக் கூடாதில்ல? அதுக்கு ஏழாம் நம்பர் படிவம் இருக்கு. போய் வாங்கிட்டு வா.”

அவளுக்குத் தெரியாத படிவம் இல்லை. தீயணைப்பு நிலையத்து வாக்குச்சாவடியில் முப்பத்தொரு வருஷம் மேஜை போட்டு உட்கார்ந்தவள். பெயர் தேடிக் கொடுப்பாள், சீட்டு கொடுப்பாள், போட்டு முடித்தவர்கள் சட்டையில் ‘நான் வாக்களித்தேன்’ என்ற ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஹார்லனுக்கு இந்த நாட்டின் தேர்தல் என்றைக்கும் பிடிபட்டதில்லை. ஜனாதிபதிக்கு ஜனங்கள் போடும் ஓட்டு ஜனாதிபதிக்குப் போவதில்லை, ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடப் போகிறவர்களுக்குப் போகிறது. நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றுப்போய் வீட்டுக்குப் போகலாம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை காலைச் சாப்பாட்டு மேஜையில், உப்புக் குப்பியை ஒரு மாநிலமாகவும் மிளகுக் குப்பியை இன்னொன்றாகவும் வைத்து இர்மா விளக்குவாள். “புரிஞ்சுதா?” என்பாள். “புரிஞ்சுது,” என்று சொல்லிவிட்டு அவர் உப்பை எடுத்து முட்டையில் போட்டுக்கொள்வார்.

வீட்டுக்கே தபாலில் வந்த இந்த வருஷ வாக்குச் சீட்டு இரண்டு தாள், இரண்டு புறமும் அச்சு. ஜனாதிபதியில் ஆரம்பித்து, நீதிபதிகள், நில அளவையாளர், செத்தவர்களைச் சோதிக்கும் அதிகாரி, கால்வாய் வாரியம் என்று இறங்கி, கொசு ஒழிப்பு வாரியத்தின் மூன்றாவது உறுப்பினரில் வந்து நின்றது. கடைசியில் நாலாவது கேள்வி: பெல் க்ரீக்கில் மறுபடி ஆம்புலன்ஸ் வைக்கலாமா, ஆம், இல்லை.

கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, இடது கையால் அதை நிரப்ப இர்மாவுக்கு ஒரு மதியம் முழுக்க ஆகியிருந்தது. பலகையை மடியில் வைத்ததும் ஹார்லன் தாளைப் பிடிக்கப் போனார்.

“வெளிய போ.”

“தாள் நகருதே, பிடிச்சுக்கறேன்.”

“ரகசிய வாக்கு, ஹார்லன்.”

“நாப்பத்தாறு வருஷமா ஒரே கட்டில்ல படுக்கறோம்டி.”

“கட்டில் வேற, ஓட்டு வேற. போ.”

வெளியே குளிரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். பலகை இரண்டு முறை கீழே விழும் சத்தம் கேட்டது. இரண்டு முறையும் அவள் கூப்பிடவில்லை. எப்படி எடுத்தாளோ தெரியாது. கடைசியில் உள்ளே கூப்பிட்டபோது உறை ஒட்டப்பட்டு, கையெழுத்தின் மேல் மடிப்பும் மூடப்பட்டிருந்தது. அவள் நெற்றியெல்லாம் வேர்வை.

தேர்தல் அலுவலகக் கவுன்டரில் கெண்ட்ரா என்ற பெண் இருந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். ஏழாம் நம்பர் படிவம் கொடுத்தாள். ‘உறையின் மீதுள்ள கையெழுத்து என்னுடையதே’ என்று வாக்காளர் உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும்.

“படிவம் ரகசியம் இல்ல, பிடிச்சுக்கோ,” என்றாள் இர்மா. ஹார்லன் தாளைப் பிடித்துக்கொண்டார். அவள் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கவுன்டரில் கெண்ட்ரா அந்தப் படிவத்தையும் தன் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

“பொருந்தலியே, எக்லண்ட் சார்.”

“எதோட?”

“பதிவேட்டுல இருக்கறதோட. அது அவங்க கல்யாணமான வருஷம் போட்டது. எல்லா எழுத்திலயும் சுழி வெச்சு, அழகா.”

“உறையில இருக்கறதோட?”

“அதோட அப்படியே பொருந்துது சார்.”

“அப்புறம் என்னம்மா?”

“அதுதான் சார் பிரச்சினை. ரெண்டையும் ஒரே ஆள் போட்டிருக்காங்கன்னு நிரூபணம் ஆயிடுச்சு. அந்த ஆள் பதிவேட்டுல இருக்கற ஆள் இல்லேன்னும் நிரூபணம் ஆயிடுச்சு.” சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து டுவைட் பாஸ்மன் வந்தார். மாவட்டத் தேர்தல் அதிகாரி. அவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான். தம்மைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலைத் தாமே ஆறு முறை நேர்மையாக நடத்தி ஆறு முறையும் ஜெயித்தவர்.

“ஹார்லன், கேட்டேன், ரொம்ப வருத்தமா இருக்கு,” என்று தோளில் கை வைத்தார். “ஒரு சுலபமான வழி இருக்கு. புதுக் கையெழுத்தைப் பதிவு பண்ணிட்டா முடிஞ்சுது.”

“பண்ணிடலாமே.”

“பதிவு போன வாரத்தோட மூடியாச்சு. அடுத்த தேர்தலுக்கு நிச்சயமா பண்ணிக்கலாம். இன்னொரு வழியும் இருக்கு. இர்மாவை நேர்ல கூட்டிட்டு வாங்க, அடையாள அட்டையோட.”

கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் உதவியோடு இர்மாவை வண்டியில் ஏற்றி, சக்கர நாற்காலியைப் பின்னால் போட்டு, மெதுவாக ஓட்டி வந்தார். அவள் தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்ளும் நீலச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லியிருந்தாள். அலுவலகத்தின் சாய்தளத்தில் கயிறு கட்டியிருந்தது. வாக்கு இயந்திரங்களை இறக்கி ஏற்றுவதற்காகத் தேர்தல் முடியும்வரை சாய்தளம் ஒதுக்கப்பட்டிருப்பதாக அட்டை தொங்கியது. வாசலில் ஒன்பது படி. ஹார்லனுக்கு எழுபத்தெட்டு வயது.

பாஸ்மன் ஜன்னல் வழியாகக் கை அசைத்தார். கீழே வரவில்லை. வாக்காளரை அவருடைய வாகனத்தில் சந்திப்பது செல்வாக்குச் செலுத்துவதாகிவிடுமாம். கெண்ட்ராதான் இறங்கி ஓடி வந்தாள். கார்க் கதவைத் திறந்து, இர்மாவின் செயலற்ற கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“என்னைத் தெரியுதா மிஸஸ் எக்லண்ட்?”

“கெண்ட்ரா. முதல் ஓட்டு போட வந்தப்ப பேனாவைத் திருப்பிக் குடுக்காம போயிட்டே.”

கெண்ட்ரா சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஓட்டுநர் உரிமம், செப்டம்பரில் இர்மாவின் பிறந்தநாளோடு காலாவதி ஆகியிருந்தது.

“அட்டைதானேம்மா காலாவதி ஆச்சு, மூஞ்சி அப்படியேதானே இருக்கு?” என்றார் ஹார்லன்.

கெண்ட்ரா படியேறிப் போய்ப் பாஸ்மனிடம் வாதாடியது திறந்திருந்த கதவு வழியாக அவருக்குக் கேட்டது. “எனக்கு அவங்களைத் தெரியும் சார். நான் கையெழுத்துப் போடறேன்.”

“எனக்கு மட்டும் தெரியாதாம்மா?” என்றது பாஸ்மனின் குரல். “ரொம்ப வருஷம் என்கிட்டதான் வேலை பாத்தாங்க. ஓய்வு பெற்ற அன்னிக்குப் பாராட்டுப் பத்திரம் படிச்சதே நான்தான். படிக்கறப்ப அழுதேன், கேட்டுப் பாரு. ஆனா நமக்குத் தெரிஞ்சதை வெச்சு முடிவு பண்ண ஆரம்பிச்சா அப்புறம் அலுவலகம் எதுக்கு?”

திரும்பி வரும்போது ஹார்லன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாஸ்மனை நாலு வார்த்தை திட்டினார்.

“திட்டாதே,” என்றாள் இர்மா. “விதி விதிதான். தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு, தெரியாதவங்களுக்கு ஒண்ணுன்னு வெக்க முடியுமா? தேர்தல் முடிஞ்சும் எட்டு நாள் அவகாசம் இருக்கு. சரி பண்ணிடலாம்.” கொஞ்ச தூரம் போன பிறகு, “நல்ல சட்டை, வீணாயிடுச்சு,” என்றாள்.

தேர்தல் நடந்தது. ஹார்லன் தீயணைப்பு நிலையத்தில் போய் வாக்களித்துவிட்டு வந்தார். இர்மா உட்கார்ந்த நாற்காலியில் வேறு யாரோ. எத்தனை பேர் வந்தார்கள், வரிசை எதுவரை நின்றது, பேனாக்களைக் கயிற்றில் கட்டியிருந்தார்களா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

வியாழக்கிழமை காலை அவர் அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து ஒரு சத்தம். போய்ப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. இந்தத் தடவையும் வண்டிக்குச் சொல்லிவிட்டு ஹார்லன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். ஐம்பது நிமிஷமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவசரம் ஒன்றும் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே அவர் தேர்தல் அலுவலகத்தின் ஒன்பது படிகளையும் ஏறினார். ஏன் போனார் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. பதினோராம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு அவர் எதற்காகவும் யாரிடமும் வாதாடியதில்லை. ‘சரி பண்ணிடலாம்’ என்று அவள் சொல்லியிருந்தாள். அதைத் தவிர அவரிடம் செய்வதற்கு வேறு வேலை இல்லை.

“தேர்தல் அன்னிக்கு உயிரோட இருந்தவங்க ஓட்டு செல்லும் சார்,” என்றாள் கெண்ட்ரா. அவள் கண் சிவந்திருந்தது. “ஆனா அன்னிக்கு உயிரோட இருந்தாங்கங்கறதுக்கு ஆதாரம் வேணும்.”

“என்ன ஆதாரம்?”

“இறப்புச் சான்றிதழ்.”

வீட்டில் நேர்ந்த சாவு என்பதால் சான்றிதழில் மாவட்டச் சவப் பரிசோதக அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். பழைய அதிகாரி பதவிக்காலம் முடிவதற்கு முன்பே விலகி அரிசோனா வெயிலில் குடியேறிவிட்டார். புதியவர் தேர்தலில் ஜெயித்திருந்தார், போட்டியே இல்லாமல். ஆனால் முடிவை மாவட்டத் தேர்தல் வாரியம் உறுதி செய்யும்வரை அவர் பதவி ஏற்க முடியாது. தகராறில் உள்ள வாக்குகளைத் தீர்க்கும்வரை வாரியம் முடிவை உறுதி செய்ய முடியாது. தகராறில் இருந்த வாக்கு மாவட்டம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான்.

“அப்ப என் பெண்டாட்டி செத்துட்டாளா இல்லியான்னு அவ ஓட்டை எண்ணினாத்தான் தெரியும்?” என்றார் ஹார்லன்.

கெண்ட்ரா எழுந்துபோய்ப் பழைய விதிப் புத்தகங்களை ஒரு மணி நேரம் புரட்டினாள். நாளிதழில் வந்த இரங்கல் குறிப்பை ஏற்கலாம் என்று அடிக்குறிப்பு ஒன்று கிடைத்தது. ஹார்லன் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை நகலெடுத்துக்கொண்டு, அசலை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நீதிமன்றக் கட்டடத்தின் மாடியில் வாரியம் கூடியது. எல்லோரும் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொன்னார்கள். பிறகு ஜெபம். பிறகு போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார்கள். உள்ளூர் வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் கேள்வி ஏழு ஓட்டில் தோற்றிருந்ததால் ஊரில் கசப்பு இருந்தது.

நடுவில் தலைவர் பாஸ்மன். ஒரு பக்கம் யானைக் கட்சியின் மிஸஸ் ஓக்லி, மறுபக்கம் கழுதைக் கட்சியின் மிஸ்டர் ரஸ்க். தலைக்குப் பின்னால் அதே கழுகு, அதே வாசகம், இன்னும் பெரிதாக.

“ஏழு ஓட்டு வித்தியாசம்,” என்று ஆரம்பித்தார் பாஸ்மன். “இந்த ஒரு ஓட்டு எதையும் மாத்தப் போறதில்லைங்கறதை முதல்லயே பதிவு பண்ணிடறேன். குடும்பத்துக்கு அது ஆறுதலா இருக்கும்.”

மிஸஸ் ஓக்லி கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு இர்மாவை நல்லாத் தெரியும். அவங்க கொண்டாந்த ஆப்பிள் கேக்கை எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கேன். ஆனா இன்னிக்கு ஒரு இடது கைக்கு வழி விட்டோம்னா, நாளைக்கு இந்த மாவட்டத்துல எத்தனை இடது கை கிளம்பும்னு நினைச்சுப் பாருங்க.”

ரஸ்க் மேஜையில் தட்டினார். “இது அநியாயம்! ஒவ்வொரு வாக்காளருக்காகவும் கடைசிவரை போராடற கட்சி எங்க கட்சி.” பிறகு ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு ஹார்லன் பக்கம் குனிந்தார். “அவங்க நம்ம கட்சிதானே?”

“தெரியாதுங்க. சொன்னதில்ல.”

“ஓ,” என்றார் ரஸ்க். ஒலிவாங்கியிலிருந்து கையை எடுத்தார். “இருந்தாலும் எல்லாக் கோணத்திலயும் பரிசீலிக்கணும்.”

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். மேஜையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு குட்டி விளக்கு. ஹார்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பச்சை எரிந்தது.

“எனக்குப் பேச வராது,” என்றார். “நான் பஸ் ரிப்பேர் பண்றவன். பஸ்ஸுல பிரேக் பிடிக்கலேன்னா டிரைவரைக் குத்தம் சொல்ல மாட்டோம், பிரேக்கைத்தான் பார்ப்போம். இவ கையெழுத்து மாறிப்போச்சு. ஏன் மாறிச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். வண்டி வர அம்பது நிமிஷம் ஆச்சு, அதனால மாறிச்சு. அந்த வண்டியை நிறுத்தினதும் இந்த மாவட்டம்தான். கையை எடுத்துக்கிட்டதும் நீங்க, கையெழுத்து சரியில்லேன்னு சொல்றதும் நீங்க.” தொப்பியைத் திருப்பினார். “முப்பத்தொரு வருஷம் மத்தவங்க பேரைத் தேடிக் குடுத்தா. அவ பேரு உங்க புஸ்தகத்துல இருக்கு. தேடிப் பாருங்க. அவ்வளவுதான்.”

மஞ்சள்கூட எரியவில்லை. மிஸஸ் ஓக்லி கைக்குட்டையை எடுத்தார். ரஸ்க் திரும்பிக் கழுகைப் பார்த்தார். பாஸ்மன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மனிதாபிமான அடிப்படையில் உறையைத் திறக்கலாம் என்ற தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டார். மூன்றுக்குப் பூஜ்யம். பதினோரு வருஷத்தில் அந்த வாரியம் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு. கூட்டம் எழுந்து கை தட்டியது. யாரோ ஹார்லனின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பாஸ்மன் பித்தளைக் கத்தி ஒன்றை எடுத்து, உறையின் ஓரத்தில் வைத்தார்.

“சார், ஒரு நிமிஷம்,” என்றாள் ஓரமாக உட்கார்ந்திருந்த கெண்ட்ரா. “மத்த ஓட்டெல்லாம் ஏற்கெனவே எண்ணிக் கட்டி வெச்சாச்சு. இது ஒண்ணுதான் தனியா...”

“ஆமா. வாரியம் திறக்கற ஓட்டை ரெண்டு கட்சி உறுப்பினரும் மாத்தி மாத்தி வரிக்கு வரி உரக்கப் படிக்கணும். அதான் விதி. ஒளிவுமறைவே கிடையாது.”

“பேரோடயா?” என்றார் ஹார்லன்.

“பேரு உறை மேலயே இருக்கே ஹார்லன்.”

“ரேடியோ போயிட்டிருக்கே.”

“ஆமா, நல்லதுதானே?”

“இது ரகசிய ஓட்டுன்னு சொல்லுவா அவ.”

“ரகசியம்தான், யாரு இல்லேன்னா?” என்றார் பாஸ்மன் பரிவோடு. “எண்ணறவங்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. எண்ணறவங்க இன்னிக்கு மைக்குல எண்ணறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.”

ஹார்லன் அந்த உறையைப் பார்த்தார். மறுபடி அந்தக் கட்டில், அந்த மதியம், கீழே விழுந்த பலகையின் சத்தம். கதவுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். தரையில் கிடக்கும் தாளை எட்டி எடுக்கக்கூட அவரைக் கூப்பிடாமல் அவள் மறைத்த ஒன்றை, இங்கே இருக்கும் நாற்பது பேரோடு சேர்ந்து ரேடியோ வைத்திருக்கும் ஊரே கேட்கப் போகிறது. கொசு ஒழிப்பு வாரியம்வரைக்கும்.

“நிறுத்துங்க,” என்றார்.

“என்ன?”

“திறக்க வேண்டாம்.”

“ஹார்லன், நீங்க ஜெயிச்சாச்சு. புரியுதா? ஒருமனதா!”

“புரியுது. இத்தனை நாள் இல்லாம இன்னிக்குத்தான் புரியுது. எண்ணணும்னா திறக்கணும், திறந்தா அவளுதா இருக்காது.” தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார். “வெச்சிடுங்க டுவைட். கத்தியை எடுங்க.”

பாஸ்மன் கத்தியை எடுத்தார். ஒரு நொடி மூன்று உறுப்பினர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய பாரம் இறங்கிய முகங்கள். தீர்மானம் வாபஸ் ஆனது. பாஸ்மன் ஒலிவாங்கியை நெருங்கி, ஒரு சாதாரணக் குடிமகன் எழுந்து நின்று தன் மனதிலிருப்பதைச் சொல்ல முடிகிற நாடு இது என்றும், இன்று நம் அமைப்பு எவ்வளவு அழகாக வேலை செய்தது என்பதை எல்லோரும் கண்ணால் கண்டோம் என்றும், திருமதி எக்லண்ட் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார் என்றும் சொன்னார். மறுபடி கை தட்டினார்கள். தேர்தல் முடிவு உறுதி செய்யப்பட்டது. எண்ணப்படாத வாக்கு: ஒன்று. ஆட்சேபணை: இல்லை. சவப் பரிசோதக அதிகாரி பதவியேற்றார்.

கூட்டம் கலைந்த பிறகு ஹார்லன் உறையைத் தமக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியாது. இருபத்திரண்டு மாதம் மாவட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும், அதன் பிறகு இயந்திரத்தில் போட்டுக் கிழித்துவிடுவார்கள். பார்க்கலாமா? அதற்கு விதி எதுவும் இல்லை, தடையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பாஸ்மன் சாப்பிடப் போய்விட்டார்.

கெண்ட்ரா உறையை மேஜைமேல் வைத்தாள்.

“ஆம்புலன்ஸ் வேணும்னுதானே சார் போட்டிருப்பாங்க?” என்றாள் மெதுவாக.

“தெரியாதும்மா. வரிச்சுமைன்னு அப்பப்போ முணுமுணுப்பா. என்ன போட்டாளோ.” அவர் முகத்தில் ஏதோ ஒரு பெருமை வந்துபோனது. “என்கிட்டகூடச் சொல்லல.”

கெண்ட்ரா மடிப்பைத் தூக்கிக் காட்டினாள். கையெழுத்துக்கென்று ஒரு சின்னக் கட்டம் அச்சாகியிருந்தது. ‘கட்டத்தைத் தாண்டி எழுதப்படும் கையெழுத்து ஏற்கப்பட மாட்டாது’ என்று பக்கத்தில் பொடி எழுத்து. உள்ளே எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சரிந்து, மறுபடி எழுந்து நடந்திருந்தன. முதல் எழுத்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, அது தாண்டிவிடும் என்று தெரிந்து பேனாவை உள்பக்கம் இழுத்த இடத்தில் காகிதம் லேசாகக் கிழிந்திருந்தது. கடைசி எழுத்துக்கு இடமில்லாமல், அதைக் கட்டத்தின் மூலையில் கடுகளவாக ஒடுக்கி எழுதியிருந்தாள்.

ஹார்லன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாலு பக்கமும் கோட்டோடு விரலை ஓட்டிக்கொண்டே பார்த்தார். ஒரு புள்ளிகூட வெளியே போகவில்லை.